ஃபென்ஸைத் திருப்புவதற்கு முன்: பேண்ட்சா 'டிரிஃப்ட்' பற்றி ஒரு மறுவாசிப்பு

பொள்ளாச்சி பக்கம் தாத்தா கட்டிய வீட்டைப் பிரித்தபோது என் பங்குக்கு வந்தவை இரண்டு தேக்குப் பலகைகள். கதவிலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றும் 900 மி.மீ நீளம், 140 மி.மீ அகலம், 38 மி.மீ தடிமன். அம்மாவின் சாமி அலமாரிக்குக் கதவு செய்யலாம் என்று திட்டம். பலகையை நிமிர்த்தி வைத்து மூன்று ஏடாக வகிர்ந்து, புத்தகத்தை விரித்த மாதிரி இரண்டு ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மரத்தின் ரேகைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பொருந்தும். அழகாக இருக்கும்.

முதல் பலகையைக் கெடுத்துவிட்டேன். அவசரப்பட்டுக் கெடுக்கவில்லை. படித்து, அளந்து, குறித்து, புத்தகம் சொன்னபடியே செய்து கெடுத்தேன். எனக்கு உறுத்தியது அதுதான். அலுவலகத்தில் இப்படி ஒன்று நடந்தால், நிரல் எழுதியவனை விட்டுவிட்டு, அவன் பின்பற்றிய கையேட்டை முதலில் எடுத்துப் பார்ப்போம். இந்தப் பதிவில் அதைத்தான் செய்யப்போகிறேன். பேண்ட்சாவைச் சரிசெய்வது பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் 'டிரிஃப்ட் கோணம்' என்ற கருத்தின் மேல் எனக்குள்ள புகார் இது.

விலகல் என்று எதைச் சொல்கிறார்கள்

பேண்ட்சாவை மரவாடியிலோ வாள்பட்டறையிலோ பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகு நாடா. வீட்டுப் பட்டறைக்கான சின்ன வடிவத்தில் சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 14 அங்குலம். நடுவில் ஒரு மேசை. மேசைமேல் நேரான ஒரு கட்டை இருக்கும், அதுதான் ஃபென்ஸ். மரத்தை அதில் ஒட்டிப் பிடித்துத் தள்ளினால், ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தடிமனில் ஏடு வரவேண்டும். வரவேண்டும், அவ்வளவுதான். நடைமுறையில் பிளேடு போகப்போக ஒரு பக்கம் இழுக்கும். மரம் ஃபென்ஸை விட்டு விலகும், இல்லையென்றால் அதன்மேல் இறுகும். இந்த இழுப்புக்குப் பெயர்தான் டிரிஃப்ட்.

வழக்கமான வைத்தியம் இது. ஒரு கழிவுப் பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போடு. ஃபென்ஸ் இல்லாமல், கையால், கோட்டிலேயே அறு. பாதியில் நிறுத்து. பலகை இப்போது மேசையில் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் உன் பிளேடின் டிரிஃப்ட் கோணம். ஃபென்ஸையும் அதே கோணத்துக்குத் திருப்பிக்கொள். முடிந்தது.

கேட்பதற்கு எவ்வளவு அறிவியல்பூர்வமாக இருக்கிறது பாருங்கள். பரிசோதனை, அளவீடு, திருத்தம் எல்லாமே இருக்கிறது. இல்லாதது ஒரே ஒரு கேள்வி. ஏன் இழுக்கிறது?

இரண்டு கட்சிகள்

ஆங்கிலத்தில் இதைப்பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெரிய கோடாகப் போட்டால் இரண்டு கட்சி.

முதல் கட்சி: இரண்டு சக்கரங்களும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும், பிளேடு டயரில் தனக்குப் பிடித்த இடத்தில் ஓடட்டும். மார்க் டுகின்ஸ்கே 1989இல் வெளியிட்ட 'பேண்ட்சா ஹேண்ட்புக்' இந்தப் பார்வையைப் பரப்பிய நூல்களில் முக்கியமானது. அதற்குப் பிறகும் ஏதாவது விலகல் மிஞ்சினால், மேலே சொன்ன மாதிரி ஃபென்ஸைத் திருப்பிக்கொள்வது இந்த மரபின் வழக்கம்.

இரண்டாம் கட்சி: ஒரே தளம் எல்லாம் இரண்டாம் பட்சம், பிளேடு டயரில் எங்கே உட்கார்கிறது என்பதுதான் விஷயம். மைக்கேல் ஃபார்ச்சூன் 'ஃபைன் உட்வொர்க்கிங்' இதழில், பிளேடை டயரின் நடுவில் ஓடவிட்டால் விலகல் பிரச்சினையே வராது என்று எழுதினார். செயல்விளக்கங்களால் புகழ்பெற்ற அலெக்ஸ் ஸ்னாட்கிராஸ் இன்னும் துல்லியமாக, பல்லிடைக் குழியின் ஆழமான புள்ளி மேல்சக்கரத்தின் நடுவில் வரவேண்டும் என்கிறார். யூடியூபில் அவர் அதைச் செய்து காட்டும்போது பார்க்கிற எவனுக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும்தான்.

இதற்கு நடுவில் கனடாவின் மத்தியாஸ் வாண்டெல் என்ற பொறியாளர் ஒட்டுப்பலகையிலேயே பேண்ட்சா செய்து, சைக்கிள் டியூபை டயராக மாட்டி, அழகாக அறுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். வார்ப்பிரும்புச் சக்கரம் மயிரிழை பிசகாமல் இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த மர இயந்திரம் ஒரு நல்ல மறுப்பு.

முதல் பலகையை அறுத்தபோது நான் முதல் கட்சி. பலகை போனபிறகு கோபத்தில் இரண்டாம் கட்சிக்குத் தாவினேன். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சக்கரத்தின் மேடு

பேண்ட்சா டயர் தட்டையாக இருக்காது. நடுவில் லேசாக மேடு கட்டியிருக்கும். ஓடும் நாடா மேட்டின் உச்சியை நோக்கி ஏறும் என்பதால்தான் பிளேடு கழன்று விழாமல் இருக்கிறது. இப்போது பிளேடு உச்சியில் இல்லாமல் கொஞ்சம் பின்னால் ஓடுகிறது என்று வையுங்கள். அங்கே டயரின் பரப்பு சரிவாக இருக்கிறது. பிளேடும் அந்தச் சரிவில் படிந்துதான் இறங்கும். சக்கரத்தின் பக்கவாட்டிலிருந்து நேராகக் கீழே இறங்கும் நாடாவுக்கு, அந்தச் சரிவு என்பது செங்குத்து அச்சைச் சுற்றிய ஒரு திருப்பம். அதாவது பிளேடின் மூக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பிவிடுகிறது.

எவ்வளவு திரும்பும்? உதாரணத்துக்கு டயரின் அகலம் 24 மி.மீ, நடுமேட்டின் உயரம் அரை மி.மீ, வளைவு பரவளையம் என்று எடுத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து 3 மி.மீ தள்ளிய இடத்தில் சரிவு சுமார் 1.2 டிகிரி வருகிறது. இது மேல்சக்கரத்தில். மேசை உயரத்துக்கு வரும்போது கீழ்ச்சக்கரமும் கைடுகளும் தங்கள் பங்குக்கு அதை மாற்றும். ஆனாலும் மக்கள் 'டிரிஃப்ட்' என்று அளந்து சொல்லும் கோணங்களும் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்ற இதே அளவுதான். ஆக, இரண்டாம் கட்சி சொல்வதில் உண்மையான இயற்பியல் இருக்கிறது. பிளேடின் இடத்தை மாற்றினால் அது பார்க்கும் திசை மாறும்.

ஆனால் அதே கணக்கு அவர்களையும் விடுவதில்லை. அரை அங்குலப் பிளேடு 12.7 மி.மீ அகலம். அதை நடுவில் வைப்பது என்றால் முதுகிலிருந்து 6.35 மி.மீ தள்ளிய இடம் உச்சியில் இருக்கும். பல்லிடைக் குழியை நடுவில் வைப்பது என்றால், அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடில், முதுகிலிருந்து 9 மி.மீ போல உள்ள இடம் உச்சிக்கு வரும். இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 3 மி.மீ. மேல்சக்கரத்தில் ஒரு டிகிரி! இரண்டு செய்முறையும் எப்படி 'விலகல் பூஜ்யம்' கொடுக்க முடியும்?

எனக்குத் தோன்றும் விடை சாதாரணமானது. மந்திரம் அந்த இடத்தில் இல்லை. பிளேடை ஏதோ ஓர் இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். அதன்பிறகு மேசையையும் ஃபென்ஸையும் பிளேடுக்கு இணையாக்குகிறார்கள். வேலை செய்வது இந்த இரண்டாவது படி. முதல் படியின் மதிப்பு, அது திரும்பத் திரும்ப ஒரே விடை தருவதில் இருக்கிறது. குழியை நடுவில் வைக்கும் முறைக்குக் கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. அகலமான பிளேடோ குறுகியதோ, எதை மாட்டினாலும் பல்வரிசை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. செயல்விளக்கத்தில் மாட்டப்படும் பிளேடு பெரும்பாலும் புதிது. மரம் சுத்தமானது. என் பலகை நாற்பது ஐம்பது வருடம் கதவாக இருந்தது.

"ஆணி கீணி பட்டுச்சுங்களா?"

முதல் ஏட்டை அறுக்கும்போது நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஃபென்ஸ் பிளேடுக்கு இடப்பக்கம். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் 10 மி.மீ. முதல் ஒரு சாண் ஒழுங்காகப் போயிற்று. அங்கே 'ட்ர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். மரத்தில் முடிச்சு போல என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். அறுத்து முடித்து அளந்தால் ஆரம்பத்தில் 10.1 மி.மீ, முடிவில் 7.4 மி.மீ. பிளேடு ஃபென்ஸை நோக்கி இழுத்திருக்கிறது.

'ஆஹா, இதுதான் டிரிஃப்ட்' என்று புத்தகத்தைத் திறந்தேன். 20 மி.மீ பைன் பலகையில் கோடு போட்டு அறுத்துப் பார்த்தேன். ஒன்றரை டிகிரி. 300 மி.மீ ஃபென்ஸுக்கு அது ஏறக்குறைய 8 மி.மீ. அளந்து திருப்பினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது ஏட்டின் நான்கு மூலைகளும் பரவாயில்லை. ஆனால் பலகையின் உயரத்தில் நடுப்பகுதி 1.8 மி.மீ தடித்துப் போயிருந்தது. அறுபட்ட முகம் பீப்பாய் மாதிரி. அதே குழிவு மீதியிருந்த துண்டிலும் பதிந்திருந்ததால், அதை இழைத்துச் சமமாக்கியபோது மூன்றாவது ஏட்டுக்கு மரமே மிஞ்சவில்லை.

நொந்துபோய் நான் வழக்கமாக மரம் வாங்கும் வாள்பட்டறைக்குப் போனேன். அங்கே வாள் தீட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் டிகிரி கணக்கெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"ஏனுங் தம்பி, ஆணி கீணி பட்டுச்சுங்களா?"

வீட்டுக்கு வந்து முதல் ஏட்டின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சாண் தள்ளி, மிளகைவிடச் சின்னதாக, பளபளவென்று ஒரு புள்ளி. தலை அறுந்துபோன பழைய ஆணி. குறுக்கே சாய்வாக இறங்கி, பிளேடின் வலப்பக்கப் பற்களை மட்டும் சீவிவிட்டிருந்தது. அலைபேசிக் கேமராவை நெருக்கி வைத்துப் பார்த்தால், வலப்பக்கம் வளைந்த பற்களின் நுனி ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் மின்னியது. கூரான நுனி மின்னாது. மழுங்கிய நுனிதான் மின்னும்.

விஷயம் இவ்வளவுதான். பேண்ட்சா பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று வளைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் செட் என்கிறோம். ஒரு பக்கம் மழுங்கினால் கூரான பக்கம் அதிகம் தின்னும், பிளேடு அந்தப் பக்கம் போகும். வலம் மழுங்கியதால் இடப்பக்கம் இழுத்தது. நான் அளந்த ஒன்றரை டிகிரியில் பெரும்பகுதி இயந்திரத்தின் குணமே இல்லை, காயம்பட்ட பிளேடின் நொண்டல். நொண்டுகிற காலுக்கு வைத்தியம் பார்க்காமல், பாதையை வளைத்துக் கொடுத்திருக்கிறேன்.

என் தொழிலில் இதற்கு அச்சு அசலான உதாரணம் உண்டு. ஒரு கணக்கு எப்போதும் 3 அதிகமாக வருகிறது. ஏனென்று தேடாமல் கடைசி வரியில் 3 கழித்துவிடுவது. இன்றைக்கு விடை சரியாக வரும். மூலப்பிழை மாறும் அன்றைக்கு உங்கள் திருத்தமே புதுப் பிழையாகிவிடும். பிளேடு விஷயத்தில் அந்த 'அன்றைக்கு' அதே பலகையிலேயே வந்துவிடுகிறது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரணக் கார்பன் எஃகுப் பற்களைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அறுக்க ஆரம்பிக்கும்போது இருந்த கோணம் முடிக்கும்போது இருக்காது. மென்மையான பைனில், 20 மி.மீ ஆழத்தில் எடுத்த அளவை, 140 மி.மீ தேக்குக்குப் பொருத்தியது அடுத்த முட்டாள்தனம்.

வாள்பட்டறைக்கும் வீட்டுப் பட்டறைக்கும் நடுவே

பெரியவர் ஏன் முதலில் ஆணியைக் கேட்டார் என்று பிறகு யோசித்தேன். பெரிய மில்களில் வாள் இழுத்தால் யாரும் வண்டியின் தண்டவாளத்தைத் திருப்புவதில்லை. வாளைக் கழற்றித் தீட்டுமிடத்துக்கு அனுப்புவார்கள், வேறு வாளை மாட்டுவார்கள். ஒரே ஷிஃப்டுக்குள் மாற்றுவதும் உண்டு. வாளைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள், ஒரு அறை. அந்த மரபில் குற்றம் எப்போதும் முதலில் பிளேடின் மேல்தான்.

வரலாறும் அதையே சொல்கிறது. லண்டனில் வில்லியம் நியூபெரி பேண்ட்சாவுக்குக் காப்புரிமை வாங்கியது 1809இல். ஆனால் ஓயாமல் வளைந்து நிமிர்வதைத் தாங்கும் பிளேடும், அதன் இணைப்பும் இல்லாததால் இயந்திரம் வருடக்கணக்கில் பயனற்றுக் கிடந்தது. 1846இல் பிரான்சில் ஆன் போலின் க்ரெபின் என்ற பெண்மணி பிளேடின் இரு முனைகளை ஒட்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி, அதைப் பாரிசின் பெரின் நிறுவனத்துக்கு விற்றபிறகுதான் பேண்ட்சா தொழிலுக்கு வந்தது. சக்கரமும் மேசையும் தயாராகி, பிளேடுக்காகக் காத்திருந்த இயந்திரம் இது.

வீட்டுப் பட்டறைக்காரனிடம் வாள் தீட்டும் ஆள் கிடையாது. ஒரு பிளேடை வாங்கி மாட்டினால் அது அறுந்துபோகும்வரை ஓட்டுகிறான். அவனால் உடனே, செலவில்லாமல் மாற்ற முடிந்தது ஃபென்ஸ் மட்டுமே. டிரிஃப்ட் கோட்பாடு பிறந்து வளர்ந்தது அந்த இடத்தில்தான் என்பது என் ஊகம். வசதிக்காக வந்த ஒரு ஒட்டுவேலை, அச்சில் ஏறி, இயந்திரத்தின் இயல்பு என்ற அந்தஸ்தைப் பெற்றுவிட்டது.

ஏடு பேசும்: ஐந்து அளவுகள்

இரண்டு கட்சியிடமும் எனக்குள்ள பெரிய குறை, அவர்கள் அறுபட்ட மரத்தைப் படிக்கக் கற்றுத்தருவதில்லை என்பது. எல்லாக் கோளாறையும் 'விலகல்' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஏட்டில் பிழைகள் தனித்தனி திசையில் பதிகின்றன. வெர்னியர் காலிப்பரும், நடுவில் அளக்க ஏட்டை அங்கே குறுக்கே வெட்டிக்கொள்ள மனசும் இருந்தால் போதும். தொடக்கத்தில் மேலும் கீழும், முடிவில் மேலும் கீழும், பிறகு சரிபாதி நீளத்தில் நடு உயரத்தில் ஒன்று. மொத்தம் ஐந்து எண்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம், ஆனால் மேலும் கீழும் சமம்: திசைக் கோளாறு. பிளேடும் ஃபென்ஸும் இணையாக இல்லை, அல்லது ஒருபக்கப் பற்கள் கெட்டிருக்கின்றன. எது என்று தெரிய, பிளேடை மட்டும் மாற்றி, டயரில் அதே இடத்தில் ஓடவிட்டு மறுபடி அறுங்கள். பிழை மறைந்தால் குற்றவாளி பழைய பிளேடு. அப்படியே இருந்தால் வடிவியல்.

மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம், ஆனால் தொடக்கமும் முடிவும் சமம்: மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. ஃபென்ஸை என்ன திருப்பினாலும் இது போகாது.

நான்கு மூலையும் சரி, நடு மட்டும் தப்பு: பீப்பாய். பிளேடு மரத்துக்குள் வில்லாக வளைகிறது. காரணம் இழுவிசைக் குறைவு, மழுங்கல், அவசரத் தள்ளல், அல்லது நெருக்கமான பல். நெருக்கமான பற்களில் குழி சின்னது. உயரமான மரத்தில் மரத்தூள் அதில் அடைத்துக்கொண்டால் பிளேடு வெட்டுவதை விட்டுவிட்டு உரச ஆரம்பிக்கும். உயரமான வகிர்தலுக்கு அங்குலத்துக்கு 3 பல் என்று சொல்வது இதனால்தான்.

என் முதல் ஏடு முதல் வகை, இரண்டாவது ஏடு மூன்றாம் வகை. இரண்டுக்கும் மூலம் ஒரே ஆணி. ஃபென்ஸைத் திருப்பி முதல் அடையாளத்தை அழித்தேன், நோய் இரண்டாவது அடையாளமாக வெளியே வந்தது.

டென்ஷன்: எண்ணாகச் சொல்ல முடியாததா?

பிளேடை எவ்வளவு இறுக்குவது என்பதில் 'விரலால் தள்ளினால் இவ்வளவு வளையணும்', 'தட்டினால் நல்லா ஒலிக்கணும்' போன்ற கைப்பழக்க மொழிதான் அதிகம். இயந்திரத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கும். அது காட்டுவது ஸ்ப்ரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை, பிளேடில் உள்ள தகைவை அல்ல. ஸ்ப்ரிங்குக்கும் வயதாகும்.

ஆனால் எஃகு பொய் சொல்லாது. வகிர்தலுக்குக் குறைந்தபட்சம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு தகைவாவது வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. எஃகின் யங் குணகத்தால் வகுத்தால், நீளத்தில் 2000இல் ஒரு பங்கு நீட்சி. அதாவது தளர்ந்த பிளேடில் 200 மி.மீ இடைவெளியில் காலிப்பரை இரண்டு சின்ன கிளாம்ப்களால் பிடித்துவிட்டு இறுக்கினால், காட்சி 0.1 மி.மீ ஏறவேண்டும். அவ்வளவுதான். 0.01 மி.மீ காட்டும் சாதாரண டிஜிட்டல் காலிப்பரே போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. இயந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் பின்புற நீளத்தைத் தந்தி மாதிரி மீட்டுங்கள். தந்தியின் அதிர்வெண், தகைவையும் நீளத்தையும் பொறுத்தது. பிளேடின் அகலம் கணக்கில் அடிபட்டுப் போகிறது. 93½ அங்குலப் பிளேடு மாட்டும் 14 அங்குல இயந்திரத்தில் சக்கர மையங்களுக்கு நடுவில் சுமார் 63 செ.மீ. 15,000 பவுண்டுக்கு அது 90 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அலைபேசியில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி இருந்தால் முடிந்தது வேலை. 'நல்லா ஒலிக்கணும்' என்று சொன்ன கிழவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், என்ன சுருதி என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

இந்த இழுவிசை எதற்கு? அரை அங்குலம் அகலம், 0.025 அங்குலம் கனம் உள்ள பிளேடில் இந்தத் தகைவுக்கு இழுப்பு சுமார் 85 கிலோ. மேல் கைடுக்கும் கீழ் கைடுக்கும் 150 மி.மீ இடைவெளி இருக்க, நடுவில் அரைக் கிலோ பக்கவாட்டாகத் தள்ளினால் பிளேடு கால் மில்லிமீட்டர் அளவுக்கு விலகும். இழுப்பைப் பாதியாக்கினால் விலகல் இரட்டிப்பு. கைடைக் கீழே இறக்கி இடைவெளியைப் பாதியாக்கினால் விலகலும் பாதி. கைடை மரத்துக்கு ஒட்டி இறக்கு என்று எல்லோரும் சொல்வது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை.

அப்படியானால் முறுக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. அதே பிளேடு 14 அங்குலச் சக்கரத்தில் வளைவதாலேயே அதன் வெளிமுகத்தில் 50,000 பவுண்டுக்கு மேல் தகைவு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. இழுவிசை அதன்மேல்தான் ஏறுகிறது. வேலை முடிந்தால் தளர்த்திவிடுங்கள்.

வரிசை ஏன் முக்கியம்

எந்தக் கையேட்டிலும் படிகள் எண்ணிட்டு இருக்கும். ஏன் அந்த வரிசை என்று இருக்காது. சார்புகளைப் பார்த்தால் வரிசை தானாக வரும். இழுவிசை மாறினால் பிளேடு டயரில் நகரும், ஆகவே இழுவிசை முதலில். டயரில் இடம் மாறினால் பிளேடின் திசை மாறும், பின் பேரிங்கின் தூரமும் மாறும், ஆகவே ஓடும் இடம் இரண்டாவது. அதன்பிறகே மேசையைச் செங்குத்தாக்குவதும், பிளேடுக்கு இணையாக்குவதும். கைடுகள் கடைசி. இவ்வளவு நேரமும் அவை பிளேடைத் தொடாமல் பின்னால் இழுத்து வைக்கப்பட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் கைடு வளைத்துப் பிடித்த பொய்யான பிளேடுக்கு மேசையைப் பொருத்துவீர்கள். பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு காகித இடைவெளி, முன்விளிம்பு பல்லிடைக் குழிக்குச் சற்றே பின்னால். பின் பேரிங் சும்மா ஓடும்போது தொடக்கூடாது, தள்ளும்போது தொடவேண்டும்.

பிளேடின் திசையைப் பார்க்க, 300 மி.மீ எஃகு அளவுகோலைப் பல் படாமல் பிளேடின் உடம்பில் சின்னக் காந்தத்தால் ஒட்டவைத்து, ஃபென்ஸிலிருந்து அதன் இரு முனைக்கும் உள்ள தூரத்தை ஒப்பிடுகிறேன். எட்டொன்பது மி.மீ அகலத்தில் ஒட்டிய அளவுகோல் கொஞ்சம் பொய் சொல்லும். மூன்று முறை எடுத்து வைத்துப் பாருங்கள்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம்

ஃபென்ஸைத் திருப்பவே கூடாது என்று சொல்லவரவில்லை. சில இயந்திரங்களில் மேசையைத் திருப்ப வழியே இருக்காது. அவசர வேலை, ஞாயிற்றுக்கிழமை மாலை, வேறு பிளேடு இல்லை என்றால் திருப்பிவிட்டு அறுத்துக்கொள்ளலாம். லேசான இழுப்பு என்றால் இழுக்கிற பக்கத்துப் பற்களில், அதாவது கூரான பக்கத்தில், எண்ணெய்க் கல்லை மெதுவாகத் தொட்டு இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துவதும் பழைய வழக்கம்தான். ஆனால் அது தற்காலிகம் என்று தெரிந்து செய்யுங்கள். 'இந்த 3ஐ ஏன் கழிக்கிறோம்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைக்கிற மாதிரி.

டிரிஃப்ட் கோணத்தை அளப்பதிலும் தப்பில்லை. அது நல்ல வெப்பமானி. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும். என் புகார், வெப்பமானியை மருந்தென்று விற்றதில்.

இரண்டாவது பலகை

ஒரு மாதம் அதைத் தொடவில்லை. பயம்தான். பிறகு ஒரு சனிக்கிழமை, காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க ஒரு விரற்கடை விடாமல் ஓட்டினேன். ஓர் இடத்தில் நூல் இழுத்தது. துளையிட்டு எடுத்தால் ஆணித்துண்டு. புதிய பைமெட்டல் பிளேடு, அரை அங்குலம், 3 பல். காலிப்பரில் 0.1 மி.மீ. மேசை, அளவுகோல், கைடு. ஃபென்ஸ் மேசையின் பள்ளத்துக்கு இணையாக, ஒரு டிகிரிகூடத் திருப்பாமல். அதே 140 மி.மீ உயரத்தில் ஒரு கழிவுத் தேக்குத் துண்டை முதலில் அறுத்து, குறுக்கே வெட்டி, ஐந்து எண் பார்த்தேன். பிறகுதான் பலகை.

மெதுவாகத் தள்ளினேன். 900 மி.மீ கடக்க மூன்று நிமிடம் எடுத்திருக்கும். நான்கு மூலையும் 10.1, 10.0, 10.0, 10.1. நடுவில் வெட்டிப் பார்க்க மனசு வரவில்லை. நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன், அடியில் வெளிச்சம் கசியவில்லை. மூன்று ஏடும் வந்தன. இரண்டு ஏடு அம்மாவின் அலமாரிக் கதவில் விரிந்த புத்தகம் மாதிரி நிற்கின்றன. பொருத்திய அன்று அம்மா ரேகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பின்கட்டுக் கதவுதானே?" என்றார். எனக்கு அது தெரியாது.

கெட்டுப்போன முதல் ஏட்டை எறியவில்லை. ஆணிப்புள்ளி வெளியே தெரிகிற மாதிரி பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பென்சிலில் 10.1 என்றும் 7.4 என்றும் எழுதியிருக்கும். பிளேடு மாட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணில் படும்.